புதிதாக வந்திறங்கிய கைத்துப்பாக்கிகளும் நம் வீட்டு அமானத்துகளும்

(டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் பகுதியில் தமிழ் பேசும் சகோதரர்களுக்காக ஆற்றப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறேன். எல்லாப் புகழும் அவனுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும், மறுமை நாள் வரை அவர்களைப் பின்பற்றி நடக்கும் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக. எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்துகொள்கிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, தாய்மார்களே!

போன வாரம் நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். நம் பகுதியில் ஹைவேயை ஒட்டி இருக்கிற துப்பாக்கிக் கடையில் புதிய சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்று படங்களோடு ஒரு பட்டியல். சிக் சாவர், க்ளாக், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று வரிசையாகக் கைத்துப்பாக்கிகள், பக்கத்தில் விலை, அதற்குக் கீழே தவணை வசதி. அதை அனுப்பிய சகோதரர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருக்கிறார். "காலம் கெட்டுக் கிடக்கிறது, ஆளுக்கு ஒன்று வாங்கி வையுங்கள்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் எது நல்ல மாடல் என்று கேட்டார். இன்னொருவர், தான் ஏற்கெனவே வாங்கிவிட்டதாகச் சொல்லிப் படம் போட்டார். படத்தில் துப்பாக்கி சோபா மேல் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு குழந்தையின் பொம்மைக் கார்.

அந்தப் பொம்மைக் கார்தான் இன்றைக்கு என்னை இந்தத் தலைப்பில் பேச வைத்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுதம் வைத்திருப்பது மார்க்கத்தில் ஹராம் என்று சொல்வதற்காக நான் மிம்பரில் ஏறவில்லை. நபி (ஸல்) அவர்கள் உஹுதுப் போரில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். அல்லாஹ்வின் பாதுகாப்பில் அவர்களைவிட நம்பிக்கை கொண்டவர் யார்? தவக்குல் வைப்பவன் ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் படித்தது. தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் கொல்லப்பட்டவர் ஷஹீத் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது (புகாரி 2480). ஆக, உயிரையும் குடும்பத்தையும் பாதுகாக்க நினைப்பது குற்றமல்ல, கடமை.

பயம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. அதை நான் மறுக்கப் போவதில்லை. 2015 பிப்ரவரியில் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் மூன்று இளம் முஸ்லிம்களை அவர்களுடைய வீட்டிலேயே அண்டை வீட்டுக்காரன் சுட்டுக் கொன்றான். 2017 ஜனவரியில் கனடாவின் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் இஷாவுக்குப் பிறகு 6 பேர் கொல்லப்பட்டார்கள், அதுவும் ஒரு கைத்துப்பாக்கியால். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். 51 பேர். ஜும்ஆவுக்கு வந்தவர்கள், நம்மைப் போல ஸஃப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். அல்லாஹ் அவர்கள் எல்லோரையும் ஷுஹதாக்களோடு சேர்ப்பானாக. இதையெல்லாம் பார்த்த ஒரு வாப்பா, தன் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்காமல் இருக்க முடியுமா?

யோசிக்கட்டும். ஆனால் கடையில் போய் கார்டைத் தேய்ப்பதற்கு முன்னால் யோசிக்கட்டும்.

நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் துப்பாக்கியோடு வளர்ந்தவர்கள் இல்லை. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ அதிராம்பட்டினத்திலோ எத்தனை வீட்டில் துப்பாக்கி பார்த்திருக்கிறோம்? ஊரில் யாராவது பெரிய மனிதர் லைசன்ஸ் வாங்கி வைத்திருப்பார். தேர்தல் வந்தால் அதையும் கொண்டுபோய் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். அவ்வளவுதான் நம் அனுபவம். இங்கே டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவர்களைப் பாருங்கள். பலர் எட்டு, பத்து வயதில் தாத்தாவோடு வேட்டைக்குப் போய், எப்போதும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும், சுடும் வரை விரல் விசையில் போகக் கூடாது என்று அடி வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். நாம் யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போகிறோம். 2021 செப்டம்பர் 1 முதல் இந்த மாநிலத்தில், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் தனி அனுமதி அட்டை இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் வந்துவிட்டது. அனுமதி அட்டை வாங்குவதற்காகவாவது ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து, சுட்டுக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும் என்றிருந்தது. இப்போது அந்தக் கட்டாயமும் இல்லை. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக அல்லாஹ் கேட்கமாட்டானா?

ஹதீஸ் கிரந்தங்களைத் திறந்து பாருங்கள் சகோதரர்களே. ஆயுதத்தைத் தயார் செய்யச் சொன்ன அதே நபி (ஸல்) அவர்கள், அதைக் கையில் பிடிப்பதற்கு எவ்வளவு நுணுக்கமாக ஒழுக்கம் கற்றுத் தந்திருக்கிறார்கள்! ஒருவர் அம்புகளோடு பள்ளிவாசலுக்குள் வருகிறார். அம்பின் முனைகளைக் கையால் பொத்திப் பிடித்துக்கொள்ளும்படி அவருக்குக் கட்டளை வருகிறது (புகாரி 451). யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்துவிடக் கூடாது என்ற கவலை. உருவிய வாளை ஒருவருக்கொருவர் கை மாற்றிக்கொள்வதையே தடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. உறையில் போட்டுக் கொடு என்கிறது மார்க்கம். இன்றைக்கு ரேஞ்சில் பயிற்சியாளர் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற முதல் பாடம் இதுதான்: தோட்டாவை எடுத்துவிட்டு, அறையைத் திறந்து காட்டி, பிறகுதான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. விளையாட்டுக்காகக்கூட ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டக் கூடாது என்று தடை வருகிறது. காரணத்தையும் நபி (ஸல்) அவர்களே சொல்கிறார்கள். நீட்டுகிறவனுக்குத் தெரியாமலேயே ஷைத்தான் அவன் கையிலிருந்து அதை இழுத்துவிடலாம், அவன் நரகக் குழியில் போய் விழுந்துவிடுவான் என்பது அதன் கருத்து (புகாரி 7072). முஸ்லிமில் வரும் மற்றொரு அறிவிப்பின்படி, கூடப் பிறந்த சகோதரனை நோக்கி இரும்பை நீட்டினாலும், அதை விடும் வரை மலக்குகளின் சாபம் அவன் மேல் இருக்கும். கூடப் பிறந்தவனைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. அப்படியிருந்தும் ஏன் அவனைக் குறிப்பிட்டுச் சொன்னார்கள்? எண்ணம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்று புரிய வைப்பதற்காகத்தான். கை தவறும். விரல் தவறும். நிய்யத் குண்டைத் தடுக்காது.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருவோம். அதில் முதலாவதாக இருந்த சிக் பி365 என்ற மாடல் 2018ல் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு, அதற்குள் பத்துத் தோட்டா போகும். அது வந்த பிறகு மற்றக் கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு சின்னது சின்னதாகச் செய்ய ஆரம்பித்தார்கள். சட்டைக்குள் தெரியாது, கைப்பைக்குள் தெரியாது. கடைக்காரர் அதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் கைப்பைக்குள் தெரியாமல் இருக்கிற பொருள், சாக்லேட் தேடி உம்மாவின் கைப்பையில் கை விடுகிற மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கும் கிடைக்கும். க்ளாக் போன்ற பல கைத்துப்பாக்கிகளில் விரலால் தள்ளிப் போடும் தனிப் பூட்டு கிடையாது. உள்ளே பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது, கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்க. விசையை இழுத்தால் வெடிக்கும். இழுப்பது யார் விரல் என்று அதற்குத் தெரியாது.

மற்றொரு விஷயம், இது பலருக்குத் தெரிவதில்லை. தோட்டா வைக்கும் மேகஸினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறார்கள். ஏற்கெனவே அறைக்குள் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். பல மாடல்களில் மேகஸின் இல்லாமலே அது சுடும். காலி என்று நம்பிய துப்பாக்கியால்தான் எத்தனையோ வீடுகளில் மவ்த் நடந்திருக்கிறது.

2023 ஜனவரியில் வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் ஆறு வயதுப் பையன் ஒருவன் வகுப்பறையில் தன் ஆசிரியையைச் சுட்டான். ஆறு வயது! ஒன்றாம் வகுப்பு. அந்தத் துப்பாக்கி அவனுடைய தாய் சட்டப்படி காசு கொடுத்து வாங்கியது. பையில் போட்டுப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட்டான். அல்லாஹ்வின் அருளால் அந்த ஆசிரியை பிழைத்துக்கொண்டார். தாய் சிறைக்குப் போனார்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு சேர்ந்து தீப்பிடித்துவிட்டது. செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு வந்தது. நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற பொருளில் அறிவுரை சொன்னார்கள் (புகாரி 6294). நெருப்பு இல்லாமல் சமைக்க முடியுமா, குளிர் காய முடியுமா? முடியாது. பயனுள்ள பொருள்தான். இருந்தாலும் நாம் தூங்கும்போது அது விழித்திருந்தால் எதிரி. தலையணைக்குக் கீழே தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு தூங்குகிறவருக்கு இந்த ஹதீஸைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

சகோதரர்களே, இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் கனமான விஷயம்.

இந்த நாட்டில் துப்பாக்கியால் இறப்பவர்கள் என்றால் நம் மனக்கண்ணில் வருவது திருடன், கொள்ளைக்காரன், பள்ளிக்கூடத்தில் புகுந்து சுடுகிறவன். 2023ம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் ஏறக்குறைய 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல்! வெளியிலிருந்து வரும் எதிரிக்காக வாங்கிய ஆயுதம் யாரைக் கொல்கிறது என்று பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பெரியவர்களை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2020ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வாங்கிய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வாங்காத ஆண்களைவிடச் சுமார் எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. அந்த ஆபத்து வாங்கிய உடனே வரும் நாட்களில் உச்சத்தில் இருந்தது, பிறகும் பல ஆண்டுகள் அது முழுதாக நீங்கவில்லை. அதே ஆய்வாளர்கள் பிறகு, துப்பாக்கி வாங்கியவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களைப் பற்றியும் பார்த்தார்கள். துணைவராலேயே சுட்டுக் கொல்லப்படும் ஆபத்து அவர்களுக்கு ஏழு மடங்குக்கும் மேல். அப்படி இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மனைவியைப் பாதுகாக்க வாங்குகிறேன் என்கிறோமே, அந்த மனைவி.

"இதெல்லாம் அவர்களுக்கு, நமக்கு ஈமான் இருக்கிறது" என்று யாராவது நினைத்தால் தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள். நம்மில் எத்தனை பேர் ஐ.டி. வேலையில் இருக்கிறோம்? லேஆஃப் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் அடுத்து என்ன? எச்1பி விசாக்காரருக்கு அறுபது நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லை என்றால் மூட்டை கட்ட வேண்டும். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் தங்கை கல்யாணம், "மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார்" என்ற பெருமை. இவ்வளவும் ஒரு மனிதனின் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்துகிறது. இரவு இரண்டு மணி. தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்ல முடியவில்லை, சொன்னால் ஈமான் பலவீனம் என்பார்கள் என்ற பயம். அந்த நேரம் கடந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கடந்துவிடுகிறது, ஃபஜ்ர் வந்துவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கை எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மற்ற வழிகளில் முயன்ற பலரை மருத்துவர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள். துப்பாக்கி அந்த வாய்ப்பை அநேகமாகக் கொடுப்பதில்லை.

தன்னைத் தானே மாய்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய பாவம் என்பதற்கு வந்துள்ள எச்சரிக்கையை (புகாரி 5778) நீங்கள் அறிவீர்கள். அதைச் சொல்லி யாரையும் மேலும் நசுக்க நான் விரும்பவில்லை. மன நோயில் சிக்கியவரின் கணக்கு அவருடைய ரப்பிடம் இருக்கிறது, அவன் அர்ரஹ்மான். நமக்குரிய கடமை வேறு. உங்கள் நண்பர் வேலை இழந்திருக்கிறார், முகம் மாறியிருக்கிறது, தொழுகைக்கு வருவதை நிறுத்திவிட்டார், அவர் வீட்டில் துப்பாக்கி இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றால், வெட்கப்படாமல் நேராகக் கேளுங்கள். கொஞ்ச நாளைக்கு அதை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும், சட்டப்படி எப்படி என்று சேர்ந்து விசாரியுங்கள். 988 என்ற எண்ணை அழைத்தால் இந்த நாட்டில் எந்த நேரமும் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஹராம் இல்லை, வெட்கம் இல்லை. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போல்தான்.

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்யுத்தத்தில் வீழ்த்துகிறவன் வீரன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்குகிறவனே வீரன் என்ற கருத்துள்ள ஹதீஸை (புகாரி 6114) நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதே நாம் 635ம் எண் ஹைவேயில் ஒருவன் குறுக்கே வண்டியை விட்டால் என்ன ஆகிறோம் என்பது பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவிக்குத் தெரியும். அந்த நேரம் கை எட்டும் பெட்டியில் துப்பாக்கி வேண்டுமா? வீட்டில் கை ஓங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு நான் பேச்சை நீட்டப் போவதில்லை. நீங்கள் வாங்கவே கூடாது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை இருப்பவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை, இதே டெக்சாஸிலிருந்து போன வழக்கில் 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுதி செய்துவிட்டது. தாய்மார்களே, வீட்டில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டப்படுகிறீர்கள் என்றால் அதைச் சபூர் என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பதே ஆகுமானதல்ல என்று அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. அது தோழர்கள் தங்களுக்குள் செய்த ஒரு விளையாட்டைப் பற்றி வந்தது. விளையாட்டுக்கே அப்படி என்றால்!

அடுத்து, குழுவில் யாருமே பேசாத ஒரு விஷயம். நம்மில் பலர் விசாவில் இருப்பவர்கள். எச்1பி, எச்4, எஃப்1, எல்1. இந்த நாட்டின் மத்தியச் சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. வேட்டை உரிமம் போன்ற ஒரு சில விலக்குகள் உண்டு. அதை வாட்ஸ்அப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள். ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்து நாலு ரவுண்டு சுடுவதும் சட்டத்தின் கண்ணில் "கையில் வைத்திருப்பது"தான். கிரீன் கார்டு உள்ளவர், குடியுரிமை உள்ளவர் கதை வேறு. மீறினால் சிறை, அதற்குப் பிறகு நாடு கடத்தல். பத்து வருடமாக வரிசையில் நிற்கிற கிரீன் கார்டை ஒரு மதியப் பொழுதுக்காகத் தொலைத்துவிடாதீர்கள்.

அப்போது சிலர் சொல்லும் யோசனை என்ன? "சிட்டிசனாக இருக்கிற காக்கா பெயரில் வாங்கிக்கலாம், காசு நான் தர்றேன்." இதற்குச் சட்டத்தில் தனிப் பெயரே உண்டு, தனித் தண்டனையும் உண்டு. கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள். உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று அதில் கேள்வி இருக்கும். ஆம் என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதை வைத்துத்தான் எஃப்.பி.ஐ. நடத்தும் சோதனைப் பதிவேட்டில் பார்க்கிறார்கள். 1998 முதல் அந்த முறை இருக்கிறது. நம் காக்கா பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார். சட்டத்தை விடுங்கள். பெரும் பாவங்களைப் பட்டியலிடும்போது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியம் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, தோழர்கள் இனிப் போதுமே என்று எண்ணும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் (புகாரி 2654). அந்தப் படிவத்தில் போடும் டிக் மார்க்கும் சாட்சியம்தான்.

தவணை வசதி என்று போட்டிருந்ததே, அதில் வட்டி இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? பாதுகாப்புக்கு வாங்கும் பொருளையே அல்லாஹ்வும் ரசூலும் போர் அறிவிப்புச் செய்த பணத்தில் வாங்குவதா?

இடையில் ஒரு சின்ன விஷயம். ரேஞ்சுக்குப் போய்விட்டு வந்த பை, ஊருக்குப் போகிற பையாக இருக்கக் கூடாது. ஓரத்து ஜிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தால் போதும், சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்கு. உம்ராவுக்குப் போகிறவர்களும் கவனம். "மறந்துவிட்டேன்" என்பதை அங்கே நிரூபித்து வெளியே வருவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

இப்போது பள்ளிவாசலுக்கு வருகிறேன். ஆயுதத்தோடு ஜும்ஆவுக்கு வரலாமா என்று இரண்டு சகோதரர்கள் கேட்டார்கள். 2019 டிசம்பரில் நமக்குப் பக்கத்தில், ஃபோர்ட் வொர்த்தை ஒட்டிய வைட் செட்டில்மென்ட் என்ற ஊரில் ஒரு சர்ச்சில் ஒருவன் சுட்டு இரண்டு பேரைக் கொன்றான். அங்கிருந்த தன்னார்வப் பாதுகாவலர் ஒருவர் சில வினாடிகளில் அவனைச் சுட்டு வீழ்த்திவிட்டார். உண்மைதான், அவர் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ. ஆனால் அவர் யார்? துப்பாக்கிப் பயிற்சி அளிப்பவர், முன்னாள் ரிசர்வ் டெபுடி. சர்ச் அவரை அந்தப் பொறுப்பில் நியமித்திருந்தது. போன மாதம் வாங்கி, இன்னும் பெட்டியின் பிளாஸ்டிக் வாசனை போகாத ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தவர் அல்லர். நம்மில் ஒருவர் ஸஜ்தாவில் குனியும்போது சட்டை மேலேறி, பின் ஸஃப்பில் இருக்கிற ஏழு வயதுப் பையன் அதைப் பார்த்துக்கொண்டே தொழுகிறான். ஓர் ஆபத்து நேரத்தில் ஐந்து பேர் ஐந்து பக்கமிருந்து துப்பாக்கியை எடுத்தால், உள்ளே ஓடி வருகிற போலீஸ்காரருக்கு யார் காவலர், யார் கொலைகாரன் என்று எப்படித் தெரியும்? அதுவும் தாடி வைத்த, தொப்பி போட்ட ஐந்து பேர்.

மதீனாவில் ஓர் இரவு நபி (ஸல்) அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. தம் தோழர்களில் ஸாலிஹான ஒருவர் இன்றிரவு காவல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று விரும்பினார்கள். சற்று நேரத்தில் ஆயுத ஓசை கேட்டது. வந்தவர் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி). அதன் பிறகு நபியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள் (புகாரி 2885). அவர்கள் விரும்பியது ஸாலிஹான ஒருவரை. வந்தவர் வில்வித்தையில் தலைசிறந்தவர். குணமும் பயிற்சியும் சேர்ந்த ஓர் ஆள் போதும் என்று எனக்குப் படுகிறது. நம் நிர்வாகக் கமிட்டியும் ஜும்ஆ நேரத்தில் சீருடையில் போலீஸ் அதிகாரி ஒருவரைப் பணம் கொடுத்து நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் ஃபெமா வழியாக வழிபாட்டுத் தலங்களின் பாதுகாப்புக்கு மானியத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. கேமரா, கதவு, பூட்டு எல்லாம் அதில் கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் முன்வாருங்கள். அதுவரைக்கும், கமிட்டி நியமித்தவர் தவிர வேறு யாரும் பள்ளிக்குள் ஆயுதத்தோடு வர வேண்டாம் என்பது கமிட்டியின் முடிவு. வாசலில் அறிவிப்புப் பலகை வைக்கப்படும்.

இவ்வளவும் கேட்ட பிறகும், என் வீடு ஊருக்கு வெளியே, போலீஸ் வர அரை மணி நேரமாகும், நான் வாங்கத்தான் போகிறேன் என்று ஒரு சகோதரர் முடிவெடுத்தால் அவரை நான் பாவி என்று சொல்லமாட்டேன். மனைவியிடம் மறைக்காமல் மஷூரா செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். வாங்குவதற்கு முன்பே பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். கடையில் கைத்துப்பாக்கியோடு பூட்டு ஒன்றும் தந்தாக வேண்டும் என்பது 2005ல் வந்த மத்தியச் சட்டம். அந்தக் கம்பிப் பூட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். தரையிலோ சுவரிலோ திருகி வைக்கிற இரும்புப் பெட்டி வாங்குங்கள். தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள். சாவியை அலமாரிக்கு மேலே வைத்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கும் வாப்பாக்களே, ஈதுக்கு வாங்கி ஒளித்து வைத்த பரிசு எங்கே இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா தெரியாதா? இந்த மாநிலச் சட்டப்படி 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக விட்டால் அது குற்றம். மார்க்கத்தில், தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டால் நஷ்டஈடு மட்டுமல்ல, அடிமையை விடுதலை செய்ய வேண்டும், அது இயலாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு வைக்க வேண்டும் என்று சூரத்துன் நிஸாவின் 92வது வசனம் சட்டமாக்குகிறது. "தெரியாமல் நடந்துவிட்டது" என்பதற்கே அறுபது நாள் நோன்பு. அதை நோற்று முடித்தாலும் போன பிள்ளை திரும்பி வருவதில்லை.

உங்கள் பிள்ளை வேறொரு வீட்டுக்கு விளையாடப் போகிறது. வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறது என்று அந்த வீட்டாரிடம் சொல்கிறோம் அல்லவா? அதே மூச்சில், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த ஊரில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களே இந்தக் கேள்வியை மதிக்கிறார்கள்.

பாரகல்லாஹு லீ வலகும். எனக்கும் உங்களுக்கும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன்.

(இரண்டாம் உரை)

அல்ஹம்துலில்லாஹ். ஸலவாத்தும் ஸலாமும் நம் நபியவர்கள் மீது உண்டாவதாக.

சகோதரர்களே, சுருக்கமாக இரண்டு அறிவிப்புகள். ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் இனிமேல் துப்பாக்கிக் கடைப் பட்டியல்களையும், வாங்கிய படங்களையும் போட வேண்டாம் என்று நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பது திருடனுக்கு அழைப்பு வைப்பது போல. இரண்டாவது, வேலை இழந்த சகோதரர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கீழ் ஹாலில் ஒரு சந்திப்பு. ரெஸ்யூமே பார்க்கத் தெரிந்தவர்கள், கம்பெனிகளில் பரிந்துரை செய்ய முடிந்தவர்கள், மனநலத் துறையில் இருக்கும் நம் சகோதரிகள், எல்லோரும் வாருங்கள். வேலை இழந்தவர் வெட்கப்பட்டு வராமல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு வரட்டும். தேநீரும் வாடாவும் உண்டு.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளை அச்சமற்ற வீடுகளாக ஆக்குவாயாக. தொழுத நிலையிலும் தொழுகையை எதிர்பார்த்த நிலையிலும் கொல்லப்பட்ட எங்கள் சகோதர சகோதரிகளை ஏற்றுக்கொள்வாயாக. இரவில் தூக்கமின்றி நெஞ்சு இறுகிக் கிடப்பவர்களுக்கு ஃபஜ்ரைக் கொண்டுவந்து சேர்ப்பாயாக. எங்கள் கைகளால் எங்கள் பிள்ளைகளுக்கு எந்தத் தீங்கும் நேராமல் காப்பாயாக. ஆமீன்.

ஸஃப்புகளை நேராக்குங்கள், இடைவெளிகளை நிரப்புங்கள். இகாமத் சொல்லுங்கள்.